நெட்மிகோ: தொண்டி முதல் சாயல்குடி வரை 31 பெட்டிகள்

தொண்டி, தேவிபட்டினம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி. அந்தப் பக்கம் மண்டபம், பாம்பன். இந்த ராமநாதபுரம் கரை நெடுக நாங்கள் பார்த்துக்கொள்ளும் நெட்வொர்க் பெட்டிகள் 31. 24 மைக்ரோடிக் ரவுட்டர், 7 பழைய சிஸ்கோ சுவிட்ச். ஐஸ் பிளான்ட், நண்டு கம்பெனி, இறால் பண்ணை, சில லாட்ஜுகள்தான் வாடிக்கையாளர்கள். வேலைக்கு ஆள் என்றால் நானும், டவர் ஏற ஒரு தம்பியும்.

போன வருடம் எங்களிடம் வேலை பார்த்த ஒருவர் நின்றுகொண்டார். எல்லாப் பெட்டியிலும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். தூரத்துப் பெட்டிக்குள் போக உதவும் புட்டி (PuTTY) மென்பொருளைத் திறந்து, நோட்பேடிலிருந்து எடுத்து ஒட்டி, மூடி, அடுத்தது. ஒன்றரை நாள் போனது. நடுவில் எங்கேயோ ஓர் எழுத்து தப்பாக ஒட்டப்பட்டு ஏர்வாடிப் பெட்டி என்னை உள்ளே விடவில்லை. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்க, வண்டியில் போய் கேபிளைச் செருகிச் சரிசெய்தேன். அதன் பிறகுதான் இந்த வேலையை நிரல் வழியாகச் செய்யும் நெட்மிகோவுக்கு வந்தேன். ஒரு வருடம் ஆகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நெட்மிகோ ஒரு பைத்தான் நூலகம், அதாவது பைத்தான் மொழியில் எடுத்துப் பயன்படுத்த எழுதிவைத்த நிரல் தொகுப்பு. கிர்க் பையர்ஸ் என்பவர் தொடங்கியது, இலவசம். அடியில் இருந்து எஸ்.எஸ்.ஹெச் (தூரத்துப் பெட்டிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) வேலையைச் செய்வது பாரமிகோ என்ற இன்னொரு நூலகம். அப்படியானால் பாரமிகோவே போதாதா? நானும் முதலில் அதில்தான் தொடங்கி மாட்டிக்கொண்டேன். சர்வரில் ஒரு கட்டளை கொடுத்தால் அது முடிந்த சேதி தனியாக வந்துவிடும். ரவுட்டர், சுவிட்சில் பெரும்பாலும் ஆள் உட்கார்ந்து தட்டுவதுபோலத்தான் பேச வேண்டும். பதில் முடிந்துவிட்டதா, இன்னும் வருமா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் இரண்டு நொடி காத்திரு என்று எழுதிவைத்தேன். கீழக்கரைக்கு அது அதிகம். பாம்பன் லிங்கில் காற்றடிக்கிற நாளில் 5 நொடிகூடப் பற்றாது, பாதிப் பதில்தான் வரும்.

நெட்மிகோ உள்ளே போனதும் பெட்டியின் பிராம்ப்டை (கட்டளைக்குக் காத்திருக்கும்போது அது காட்டும் வரியை) முதலில் படித்து வைத்துக்கொள்கிறது. கட்டளை கொடுத்த பிறகு அதே பிராம்ப்ட் திரும்ப வரும்வரை படித்துக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். இதோடு சிஸ்கோவில் பக்கம் பக்கமாக நின்று 'மோர்' கேட்கிற தொல்லையையும் அதுவே நிறுத்திவிடுகிறது. மைக்ரோடிக்கில் இன்னும் ரசமான ஒரு வேலை செய்கிறது: பயனர் பெயரின் வாலில் ஒரு குறியை ஒட்டி, நிறம் வேண்டாம், வரி அகலமாக இருக்கட்டும் என்று ரவுட்டரிடம் சொல்லிவிடுகிறது. நான் இரண்டு நாள், பதிலோடு கலந்து வரும் நிறக் குறிகளைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தவன். அந்த வரியைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

இனி குறைகள். பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமையின் அளவு (ரீட் டைம்அவுட்), 4-ஆம் பதிப்பில், கட்டளைக்கு 10 நொடி. சின்ன மைக்ரோடிக்கில், அமைப்புகளை எல்லாம் எழுத்தாகக் கொட்டும் எக்ஸ்போர்ட் கட்டளை அதற்குள் முடியாது. 'பேட்டர்ன் வரவில்லை' என்று நீளமாகத் திட்டிவிட்டு நின்றுவிடும். ரீட் டைம்அவுட்டை 60 ஆக்கினால் சரி. பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுக்கும்போது எத்தனை முறை என்று எண் சொல்ல மறந்தால், மைக்ரோடிக் ஓயாமல் பிங் அடித்துக்கொண்டே இருக்கும். அங்கே எத்தனை நொடி கொடுத்தும் பயனில்லை.

இதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. கட்டளையில் எழுத்துப்பிழை இருந்தால் ரவுட்டர் 'தப்பான கட்டளை' என்று பதில் சொல்லும். நெட்மிகோவுக்கு அதுவும் ஒரு பதில்தான். வாங்கிக் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடும். ஒரு முறை டி.என்.எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) அமைப்பை மாற்ற அனுப்பினேன். என் திரையில் 24 பெட்டியும் முடிந்தது என்று வந்தது, ஒன்றில்கூட டி.என்.எஸ் மாறவில்லை. மாற்றங்களை அனுப்பும்போது பிழை வாசகம் இன்னது என்று ஒரு வடிவத்தை நாமே கொடுத்தால், அதைப் பார்த்ததும் நின்றுவிடும். இந்த வசதி ஆரம்பத்தில் காலியாகவே இருக்கிறது. புதிதாக வருகிறவர் இதைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்.

இன்னொன்று முழுக்க என் தப்பு. சிஸ்கோவில் மாற்றிய பிறகு சேவ் செய்யச் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. ஒரு மதியம் மண்டபம் பக்கம் கரண்ட் போய் வந்தது, ஐஸ் பிளான்ட் சுவிட்ச் எல்லாவற்றையும் மறந்து பழைய நிலைக்குப் போய்விட்டது. "தம்பி, கேமராவும் இல்ல, பில்லும் போடல, லோடு வண்டி வாசல்ல நிக்குது" என்று போன். மைக்ரோடிக்கில் இந்தக் கவலை இல்லை, கொடுத்த உடனேயே பதிந்துவிடும். அதனால் அங்கே வேறு கவலை: ஃபயர்வாலில் (யாரை உள்ளே விடுவது என்ற விதிகளில்) கை வைத்தால் நம்மையே வெளியே தள்ளிவிடும். இப்போது முதலில், குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் ஷெட்யூலரில், 10 நிமிடத்தில் பழையபடி ஆக்கு என்று ஒரு வேலையைப் போட்டுவிடுகிறேன். மாற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போக முடிந்தால் அதை அழிப்பேன். சிஸ்கோவுக்கு 'ரீலோட் இன் 10' (10 நிமிடத்தில் மறுபடி தொடங்கு) கொடுத்து, சேவ் செய்யாமல் பார்த்துவிட்டு, நன்றாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டு சேவ்.

பல பெட்டிகளை ஒரே இடத்திலிருந்து மாற்றும் இன்னொரு கருவியான அன்சிபிளை ஏன் எடுக்கவில்லை என்று ராமநாதபுரத்தில் ஒரு நண்பர் கேட்டார். அதை ஓட்டும் இயந்திரம் லினக்ஸ் மாதிரி இருக்க வேண்டும். என் லேப்டாப் விண்டோஸ். 31 பெட்டிக்காக யாமலில் (இடைவெளி பிசகினால் பிழையாகும், அன்சிபிள் கேட்கும் எழுத்து வடிவம்) இடைவெளி எண்ணவும் எனக்குப் பொறுமை கிடையாது. முன்னூறு பெட்டி இருந்தால் ஒருவேளை மாறியிருப்பேன். நெட்மிகோவைப் பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் ஒரே வரியில் நிறுவி விண்டோஸிலேயே ஓட்டலாம். ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் ஏழெட்டு நிமிடம். பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் பைத்தானின் திரெட் வசதியில் எட்டெட்டுப் பெட்டியாக விட்டால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிகிறது.

5-க்கு 4 கொடுப்பேன். குறைத்த 1, அந்தப் பிழை வாசக விவகாரத்துக்கு.

இப்போது வெள்ளிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு எல்லாப் பெட்டியின் எக்ஸ்போர்ட்டும் என் லேப்டாப்புக்கு வந்துவிடும், கூடவே எட்டாத பெட்டிகளின் பட்டியலும். சென்ற மாதம் தேவிபட்டினம் நண்டு கம்பெனிப் பெட்டி தொடர்ந்து இரண்டு வெள்ளி அந்தப் பட்டியலில் இருந்தது. தம்பி போய்ப் பார்த்தால், உப்புக் காற்றில் கேபிள் முனை பச்சை பூத்து, போர்ட்டும் போயிருந்தது. புது ரவுட்டரில் பழைய எக்ஸ்போர்ட்டை ஏற்றினோம். பயனர் பாஸ்வேர்டு அதில் வராது என்பதால் அதை மட்டும் கையால் தட்டினேன், இந்த முறை இரண்டு தடவை சரிபார்த்து.