பிலாட்டிஸ்: சில ஆண்டுத் தொடர்பயிற்சியில் கண்டவை

விரிப்பில் செய்யும் பிலாட்டிஸ் என்ற உடற்பயிற்சி முறையைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்துவருகிறேன். எடை குறைப்பதற்காக இதைத் தேடி வருவோர் பலர். ஆனால் இதன் உண்மையான பயன், அசைய வேண்டிய உறுப்பு அசையும்போது மற்ற உறுப்புகளை நிலையாக நிறுத்திவைக்கும் வலிமைதான் என்பதே என் அனுபவம்.

ஜெர்மனியில் 1883-இல் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ் வகுத்த 34 விரிப்புப் பயிற்சிகளில் முதலாவது 'ஹண்ட்ரட்'. மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் உயர்த்தி, கால்களை நீட்டித் தூக்கியபடி, 5 கையசைவுகளுக்கு மூச்சை இழுத்து 5 அசைவுகளுக்கு வெளியே விட வேண்டும். இவ்வாறு 10 சுற்றுகளில் 100 அசைவுகள் நிறைவடையும். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பயிற்சியில், அடிவயிற்றின் ஆழ்தசைகள் தம் பங்கைச் செய்யாவிட்டால் கழுத்து உடனே இறுகி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட வேகத்தைக் குறைப்பதே இங்குக் கடினம். மெதுவாகச் செய்யும்போது உந்துவிசையின் உதவி கிடைக்காது. முழு உழைப்பும் தசையின்மேல் விழுகிறது.

நிற்கும் தோரணையில் வந்த மாற்றத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நெஞ்சை நிமிர்த்தி விறைப்பாக நிற்பது நல்ல தோரணை ஆகாது. விலாக்கூடு இடுப்புக்கு நேர் மேலே அமர, தோள்கள் காதுகளை விட்டு இறங்கியிருக்க வேண்டும். குப்புறப் படுத்துச் செய்யும் 'ஸ்வான்', 'ஸ்விம்மிங்' ஆகியவை முதுகுத் தசைகளை வலுப்படுத்துவதால், நெடுநேரம் உட்கார்ந்திருக்கும்போது உடல் கூன ஆரம்பித்ததுமே எனக்குத் தெரிந்துவிடுகிறது, திருத்திக்கொள்ளவும் முடிகிறது. குனிந்து பாரம் எடுக்கையிலும், ஒற்றைக்காலில் நின்று காலணி மாட்டுகையிலும் முன்பிருந்த தடுமாற்றம் இப்போது இல்லை.

எனினும், இது ஒன்றே போதும் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அந்த வேலையை விரிப்புப் பயிற்சி பெரிதாகக் கொடுப்பதில்லை என்பதால், வேக நடையை நான் விடவில்லை. தசையின் அளவைப் பெருக்க விரும்புவோருக்குப் படிப்படியாகக் கூடும் எடை தேவை. ஸ்பிரிங் பொருத்திய 'ரிஃபார்மர்' கருவியில் எதிர்ப்பைக் கூட்டிக் குறைக்கலாம். விரிப்பில் அந்த வசதி குறைவு. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு, எதுவும் செய்யாமல் இருப்பதைவிடப் பிலாட்டிஸ் பயனளிக்கிறது என்று ஆய்வுகள் சொன்னாலும், மற்ற உடற்பயிற்சிகளைவிட இது மேலானது என்று உறுதிப்படவில்லை.

எலும்பு அடர்த்தி குறையும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) உள்ளவர்கள் 'ரோல் அப்' போன்று முதுகை முன்னோக்கி வளைக்கும் பயிற்சிகளைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் மாற்றுப் பயிற்சிகள் தேவை. இத்தகைய உடல்நிலை உண்டா என்று முதல் வகுப்பிலேயே கேட்டறியும் பயிற்றுநரிடமே சேருங்கள்.