யெல்லோஸ்டோன் நடைப்பயணம் என்ற பெயரில் நாங்கள் இழந்த 1,480 டாலர்: போகவிருப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து வீடு திரும்பி இரண்டு நாட்கள்தான் ஆகின்றன. வழிகாட்டியுடன் இரண்டு நாள் பகல்நேர நடைப்பயணம் என்று நம்பி நான்கு பேருக்காக நாங்கள் கட்டிய 1,480 டாலர், அனுப்பியபோதைய மதிப்பில் ஏறக்குறைய 1 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய், மொத்தமாகப் போய்விட்டது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்து இந்தப் பூங்காவைக் காட்ட நினைக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து இருக்கின்றன. அவர்களில் ஒருவராவது தப்பிக்கட்டும் என்றுதான் கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர்களை எழுதவில்லை. ஒன்று சுற்றுலாக்களை முன்பதிவு செய்யும் இணையதளம், மற்றொன்று அதில் விளம்பரம் செய்திருந்த சிறிய சுற்றுலா நிறுவனம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளி ஒன்றில் 31 ஆண்டுகள் புவியியல் நடத்தியவர். கீசர், அதாவது நிலத்துக்குள்ளிருந்து பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்று, எப்படிப் பீறிடுகிறது என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவர். அடியில் சூடேறிய பாறை, மேலே நீர் நிறைந்த குழாய் போன்ற வெடிப்புகள், நடுவே ஒரு குறுகிய கழுத்து, அந்தக் கழுத்துதான் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது என்று சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனால் ஒரு கீசரையும் அவர் நேரில் கண்டதில்லை. உலகில் இன்று இயங்கும் கீசர்களில் பாதிக்கு மேல் யெல்லோஸ்டோனில் இருக்கின்றன. நாங்கள் வசிக்கும் சால்ட் லேக் சிட்டியிலிருந்து காரில் ஐந்து மணி நேரம் போனால் பூங்காவின் மேற்கு வாயில் வந்துவிடும். இந்த 2025 செப்டம்பரில் எப்படியும் கூட்டிச்செல்வது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

வழிகாட்டி தேவை என்று நினைத்ததற்கு இரண்டு காரணங்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. இடையில் எங்காவது நடக்க முடியாமல் போனால் உடன் வழி தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். இன்னொன்று கரடி. அங்கே காட்டுப் பாதையில் இறங்குகிறவர்கள் கரடி விரட்டும் ஸ்பிரேயைக் கையில் வைத்திருக்க வேண்டும், மூன்று பேருக்குக் குறையாமல் சேர்ந்து நடப்பது நல்லது என்று பூங்கா நிர்வாகமே அறிவுறுத்துகிறது. நாங்கள் இருவரும் அந்த ஸ்பிரேயைத் தொட்டதுகூட இல்லை.

விளம்பரத்தில் இருந்த திட்டம் ஆசைகாட்டும்படி இருந்தது. முதல் நாள் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர்க் குளத்தை மேலிருந்து பார்க்கும் மேட்டுக்கு ஏறி, அப்படியே நடந்து 197 அடி உயர ஃபேரி அருவி. பிறகு பிஸ்கட் பேசின் என்ற வெந்நீர் ஊற்றுப் பகுதி வழியாக மிஸ்டிக் அருவி. மாலையில் ஃபயர்ஹோல் ஆற்றங்கரையோடு நடந்து லோன் ஸ்டார் கீசர். இரண்டாம் நாள் நோரிஸ் பகுதியில் ஸ்டீம்போட் கீசர் பீறிடுவதைக் கட்டாயம் காட்டுவோம் என்றும், அதன்பின் 308 அடி உயரத்திலிருந்து விழும் கீழ் அருவியின் விளிம்புவரை இறங்குவோம் என்றும் எழுதியிருந்தார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீறிடும் லோன் ஸ்டார் பக்கத்தில் பார்வையாளர்கள் நேரத்தைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு இருக்கிறது என்று அப்பா எங்கோ படித்துவிட்டு, தன் கையெழுத்திலும் ஒரு வரி அதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

தளத்தின் வழியாக நான் கேள்வி அனுப்பிய அரை மணி நேரத்தில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது. நான் ஏமாந்தது அந்த அழைப்பில்தான். பேசிய பெண் பணத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. அம்மாவுக்கு எந்த முழங்கால் என்று கேட்டார். ஊன்றுகோல் இரண்டு எடுத்து வருகிறோம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிற்போம் என்றார். சைவம் என்றதும் முட்டையும் சேர்ப்பதில்லையா என்று தானாகவே கேட்டுக் குறித்துக்கொண்டார். அப்பா புவியியல் ஆசிரியர் என்று நான் சொன்னதற்கு, அப்படியானால் நிலவியல் படித்த வழிகாட்டியையே அனுப்புகிறோம் என்றார். போனை வைத்ததும் என் கணவரிடம், "நம்ம வீட்டு ஆள் மாதிரி பேசுறாங்க" என்று நானே சொன்னேன். அந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

தளத்தின் வழியாகக் கட்டினால் தரகு போகும், நேரடியாக அனுப்பினால் ஆளுக்கு 370 டாலர் போதும் என்பது அடுத்த நாள் வந்த செய்தி. அதில் ஆளுக்கு 60 டாலர் "நடைபாதை அனுமதிக் கட்டணம்" என்று தனியாகக் காட்டியிருந்தார்கள். உரிமத்தின் படம் என்று ஒரு தாளையும் அனுப்பினார்கள். பூங்காவின் முத்திரை போல ஒன்று அதில் இருந்ததைப் பார்த்தேனே தவிர, அதில் இருந்த பெயரும் எண்ணும் உண்மையா என்று யாரிடமும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு நொடியில் பணம் போகும் செயலியில் 1,480 டாலரையும் ஒரே தவணையாக அனுப்பினேன்.

சொன்ன நாளில் காலை ஆறரை மணிக்கு மேற்கு வாயிலை ஒட்டிய வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரில் நாங்கள் தங்கிய விடுதியின் வாசலில் தயாராக நின்றோம். உள்ளே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, உங்கள் காரை எடுக்க வேண்டாம் என்று முந்தின இரவே செய்தி அனுப்பியிருந்ததால் கார் விடுதியிலேயே நின்றது. எட்டேகாலுக்கு ஒரு வாடகை வேன் வந்தது. ஓட்டி வந்த இளைஞருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். தன்னை முந்தின நாள்தான் கூப்பிட்டார்கள், நிலவியல் எதுவும் தெரியாது என்று வண்டியில் ஏறியபின் சொன்னார். ஊன்றுகோல் இல்லை, ஸ்பிரே இல்லை. மதிய உணவு என்று நாலு தண்ணீர் பாட்டிலும் ஒரு பெரிய சிப்ஸ் பொட்டலமும் இருந்தன. வாயிலுக்குச் சற்று முன்னால் வேகத்தைக் குறைத்து, "கேட்டால் நாம் எல்லாரும் நண்பர்கள் என்று சொல்லுங்கள்" என்றார். தனியார் வாகனத்துக்கான 35 டாலர் நுழைவுச் சீட்டை எங்கள் பணத்தில்தான் வாங்கினார். அந்த இடத்திலேயே இறங்கித் திரும்பியிருக்க வேண்டும். வெளிநாட்டில் வந்த இடத்தில் அப்பா அம்மா முன்னால் சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஃபேரி அருவிக்கான வாகன நிறுத்தம் நிரம்பியிருந்தது. இடம் கிடைக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மேட்டின் உச்சிவரை ஏறிவிட்டார். கீழே நடுவில் கருநீலமும் விளிம்பில் மஞ்சளும் செம்மஞ்சளுமாக அந்தக் குளம் ஆவி விட்டுக்கொண்டு கிடந்ததை அப்பா கைகட்டி நின்று பார்த்தார். அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் அவர்களால் எங்களிடமிருந்து பறிக்க முடியவில்லை. அருவி இன்னும் கொஞ்ச தூர நடைதானே என்று நாங்கள் கேட்டபோது, நேரமில்லை என்று இளைஞர் திரும்பி இறங்கத் தொடங்கிவிட்டார்.

பிஸ்கட் பேசினில் வண்டி நுழையவே முடியவில்லை, தடுப்பு போட்டிருந்தது. 2024 ஜூலை 23 அன்று அங்கே பிளாக் டைமண்ட் குளத்தின் அருகே நிலத்தடி வெந்நீர் வெடித்துப் பாறைகளையும் சேற்றையும் வாரியிறைத்து நடைபாதையை உடைத்துப்போட்டது. அன்றிலிருந்து நாங்கள் போன நாள்வரை அந்தப் பகுதி மூடிக் கிடந்தது. ஓராண்டுக்கு மேலாக மூடியிருந்த இடத்தைத் திட்டத்தில் எழுதி, அதற்கு அனுமதிக் கட்டணமும் வாங்கியிருக்கிறார்கள். தனக்கு இது தெரியாது என்றார் அந்த இளைஞர், அவரை நான் நம்புகிறேன். அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை.

பன்னிரண்டரைக்கு ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்ற கீசர் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். நடந்து போகும் வழியில், படம் நன்றாக வரும் என்று சொல்லி அப்பாவை மரப்பலகை நடைபாதையிலிருந்து வெள்ளைத் தரையில் இறங்கி நிற்கச் சொன்னார் அந்த இளைஞர். "இது தரை இல்லை தம்பி, மெல்லிய மேலோடு. கீழே கொதிக்குது" என்று அப்பா எனக்குத் தமிழில் சொல்லி, நான் அவருக்கு மொழிபெயர்த்தேன். நடைபாதையை விட்டு இறங்குவது அங்கே சட்டப்படி குற்றம். வெந்நீரில் விழுந்து இருபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். 73 வயதுக்காரரை அங்கே இறங்கச் சொல்கிறவரைத்தான் வழிகாட்டி என்று அனுப்பியிருந்தார்கள். பணம் போனதைவிட எனக்கு இன்றைக்கும் கை நடுங்குவது இதை நினைத்துத்தான்.

மூன்று மணிக்கு வந்து லோன் ஸ்டாருக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. ஓல்டு ஃபெய்த்ஃபுல் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை பீறிடும். முதல் தடவை அப்பா எழுந்து நின்று பார்த்தார், இடது உள்ளங்கையில் வலது விரலால் அந்தக் குழாயையும் கழுத்தையும் வரைந்து அம்மாவுக்குக் காட்டினார். இரண்டாம் தடவை உட்கார்ந்தபடி பார்த்தார். மூன்றாம் தடவை வண்டிகள் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கீசரைப் பார்க்கவில்லை. சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. இருபது முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 7,300 அடிக்கு மேல். வெயில் சாய்ந்ததும் குளிர் எலும்பில் ஏறியது, அம்மாவுக்கு ஒரு சால்வைதான் இருந்தது. ஆறரை மணிக்கு ஒரு ரேஞ்சரிடம், அதாவது பூங்காக் காவலரிடம், போய் நின்றோம். அவர் நிறுவனத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, பூங்காவில் தொழில் நடத்த அனுமதி பெற்றவர்களின் பட்டியலைத் தேடிப் பார்த்து, இப்படி ஒரு பெயரே இல்லை என்றார். பகல்நேர நடைக்கு அனுமதிச் சீட்டு என்று எதுவும் கிடையாது, இரவில் காட்டில் தங்குவதற்குத்தான் வேண்டும் என்றும் அவர்தான் சொன்னார். எங்கள் விடுதிக்குப் பக்கத்தில் தங்கியிருந்த ஒரு வயதான தம்பதியர் தங்கள் காரில் 48 கிலோமீட்டர் கொண்டுவந்து விட்டார்கள். பத்து பைசா வாங்கவில்லை.

மறுநாள் யாரும் வரவில்லை. மீண்டும் 35 டாலர் கட்டி எங்கள் காரிலேயே போய்க் கீழ் அருவியைப் பார்வை மேடையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அதன்பின் பணத்தைத் திரும்பக் கேட்டதற்குக் கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், வண்டி பழுது, இரண்டு நாளில் பணம் வரும் என்றார்கள். அடுத்து வேறொருவர், வானிலை காரணமாகப் பயணம் ரத்தானது, அதற்குப் பணம் திரும்பாது என்றார். அன்று வானத்தில் ஒரு மேகம் இல்லை, என் கையில் இருக்கும் படங்களில் தேதியும் நேரமும் இருக்கின்றன. மூன்றாவது, அனுமதிக் கட்டணம் 240 டாலரைக் கழித்துக்கொண்டு மீதிக்கு அடுத்த ஆண்டு வரலாம் என்று ஒரு சீட்டு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டு என் அப்பா தென்காசியில் இருப்பார். என் அம்மாவின் முழங்காலை விசாரித்த பெண்ணின் எண் இப்போது மணி அடிப்பதே இல்லை. முன்பதிவுத் தளம், தளத்துக்கு வெளியே செலுத்திய பணத்துக்குப் பொறுப்பில்லை என்று மூன்று வரியில் முடித்துக்கொண்டது. அந்த நிறுவனத்தின் விளம்பரம் நேற்றுவரை அதே தளத்தில் நட்சத்திரங்களோடு இருந்தது. வங்கியோ, நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம் என்கிறது. 1,480 டாலர் அனுப்ப எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதைத் திரும்பக் கேட்க ஒன்பது மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்.

எப்படித் திட்டமிடுவது என்று விரிவாக எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. அவசியமானவற்றை மட்டும் சொல்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் தேசியப் பூங்காச் சேவையின் இணையதளத்தில் யெல்லோஸ்டோனுக்கான அனுமதி பெற்ற வழிகாட்டிகள் பட்டியலைப் பாருங்கள், பெயர் அதில் இல்லாவிட்டால் பேச்சையே நிறுத்துங்கள். நடைபாதைக்கு அனுமதிக் கட்டணம் என்று யார் கேட்டாலும் பொய். ஸ்டீம்போட் 300 அடிக்கு மேல் எழக்கூடிய கீசர், ஆனால் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஒருமுறை ஐம்பது ஆண்டுகள் சும்மா இருந்திருக்கிறது. அதைக் காட்டுவதாக உறுதி சொல்கிறவரை நம்பாதீர்கள். ஓல்டு ஃபெய்த்ஃபுல், கிராண்ட், காசில் போன்ற சில கீசர்களின் நேரத்தை ரேஞ்சர்களே இலவசமாக அறிவிக்கிறார்கள். மூடிய பாதைகள் எவை என்று பூங்காவின் தளத்தில் அன்றன்று பாருங்கள். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், கணக்குக்கு நேரடியாக அனுப்பாதீர்கள். உங்கள் காரை விடுதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

அமெரிக்க அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனில் புகார் பதிவு செய்திருக்கிறேன், ரேஞ்சர் கேட்டபடி அந்த உரிமத் தாளின் படத்தையும் பூங்காவுக்கு அனுப்பிவிட்டேன். இதே நிறுவனத்திடம் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால், அந்த உரிமப் படத்தை அழிக்காமல் வைத்திருந்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். வங்கி மறுபடியும் கூப்பிடச் சொன்ன நேரம் ஆகிவிட்டது, போகிறேன்.