மீன்செதில் தோலுக்கு எந்தப் பூச்சு? மதுரை மெடிக்கல் கடைகளில் கிடைப்பவை பற்றி ஓர் அலசல்

கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றியுள்ள எந்த மெடிக்கலுக்குப் போய் "தோல் வறட்சிக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டாலும் பத்து வகை டப்பா மேசைக்கு வந்துவிடும். சாதாரண வறட்சிக்கு அதில் எதை எடுத்தாலும் பாதகமில்லை. இக்தியோசிஸ் என்கிற மீன்செதில் தோலுக்கு அப்படி எடுக்க முடியாது. தோலின் மேலடுக்கு உதிர வேண்டிய விதத்தில் உதிராமல், உள்ளிருக்கும் ஈரத்தையும் பிடித்து வைக்க முடியாமல் போகிற மரபணுக் கோளாறு இது. ஒட்டாது, பரவாது, நாகதோஷமும் கிடையாது. அடியோடு மாற்றும் மருந்து இன்றுவரை இல்லாததால் தினமும் பூசுகிற பூச்சுதான் வைத்தியம். அந்தப் பூச்சை ஒவ்வொன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலிடம் எதற்கு என்பதில் சந்தேகமே இல்லை. வாசனை சேர்க்காத வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் லிக்விட் பாரஃபினும் சரிபாதி கலந்த களிம்புக்குத்தான். கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த சரக்கும் அதுதான். எரிச்சல் இல்லை, கைக்குழந்தைக்கும் பூசலாம், வெடிப்பு விட்ட இடத்திலும் பூசலாம். தயாராகக் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். அகலமான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, அதற்குள் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து 250 கிராம் ஜெல்லியை உருக விடுங்கள். உருகியதும் 250 மில்லி லிக்விட் பாரஃபினை ஊற்றி, ஆறும் வரை கிளறினால் கட்டி விழாது. கிண்ணத்தை நேராக அடுப்பில் வைக்கவே கூடாது, தீப்பிடிக்கும். சித்திரை வெயிலில் இந்தக் கலவை இளகி வழியும் என்பதால் அப்போது ஜெல்லி மூன்று பங்கு, பாரஃபின் ஒரு பங்கு போதும். வாய் அகன்ற டப்பாவில் அடைத்து, காய்ந்த கரண்டியால் மட்டும் எடுங்கள். ஈரக்கை உள்ளே போனால் கிருமியும் கூடவே போகும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. லிக்விட் பாரஃபின் மலச்சிக்கலுக்கும் கொடுக்கும் மருந்து. வெறுமனே பெயரைச் சொன்னால் மில்க் ஆஃப் மெக்னீசியா கலந்த சிரப்பைக் கொடுத்துவிடுவார்கள். பாட்டில் பால் மாதிரி வெளுத்திருந்தாலோ இனிப்பு வாடை அடித்தாலோ அது வேறு. நமக்கு வேண்டியது தண்ணீர் மாதிரித் தெளிந்த, வாசனையில்லாத எண்ணெய்.

அளவுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். உடம்பு முழுக்க ஒருமுறை பூசப் பெரியவருக்கு 20 முதல் 30 கிராம் வரை ஆகும். தினமும் இருவேளை என்றால் வாரத்துக்கு 250 முதல் 500 கிராம். குழந்தைக்கு அதில் பாதி. 50 கிராம் டப்பாவை வாங்கி ஒரு மாதம் ஓட்டிவிட்டு "ஒண்ணும் கேக்கல" என்று சொல்வதில் நியாயமில்லை. ஜெல்லியை அரைக் கிலோ, ஒரு கிலோ டப்பாவாக வாங்கினால் செலவும் குறையும்.

அடுத்தது நேரம். நம் ஊரில் எண்ணெயை முதலில் தேய்த்து, ஊறவைத்து, பிறகு சீயக்காயோ பயத்தமாவோ போட்டு வழித்தெடுப்பதுதான் வழக்கம். மீன்செதில் தோலுக்கு அதை அப்படியே தலைகீழாக்க வேண்டும். முதலில் தண்ணீர், அப்புறம் எண்ணெய். வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடமாவது உடம்பு ஊற வேண்டும். பெரிய பிளாஸ்டிக் டப்போ அண்டாவோ இருந்தால் குழந்தையை உட்கார வைத்துவிடலாம். ஊறிய செதிலை எடுக்கப் பீர்க்கங்காய் நாரை விட நல்ல கருவி எந்தக் கடையிலும் இல்லை. அதையும் ஊறவைத்து மெத்தென்று ஆனபின், சுற்றிச் சுற்றி மெதுவாகத் தேய்த்தால் கெண்டைக்கால் செதில் தண்ணீரில் சாம்பல் மாதிரி மிதந்து வரும். ரத்தம் கசியும் வரை தேய்ப்பது தப்பு, அடுத்த அடுக்கு இன்னும் தடிப்பாக வளரும். நாரை அன்றன்றே வெயிலில் காயப்போடுங்கள். துண்டால் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் மினுங்கும்போதே, மூன்று நிமிடத்துக்குள் களிம்பைப் பூசிவிட வேண்டும். முடி முளைத்திருக்கும் திசையில் இழுத்துப் பூசினால் மயிர்க்கால் அடைத்துக் கொப்புளம் வராது. போர்வெல் உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் சோப்பு நுரைக்காமல் தோலில் பிசுபிசுவென்று படிந்து வறட்சியைக் கூட்டும். அங்கே சோப்பை அக்குள், தொடை இடுக்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

களிம்பின் ஒரே பெரிய குறை தீ. பாரஃபின் ஊறிய துணி பொசுக்கென்று பற்றிக்கொள்ளும், அணைப்பதும் கஷ்டம். துவைத்தாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. பாரஃபின் எத்தனை சதவீதம் இருந்தாலும் இந்த ஆபத்து உண்டென்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. கேஸ் அடுப்பு, காமாட்சி விளக்கு, தீபாவளி மத்தாப்பு, மாரியம்மன் கோயில் தீச்சட்டி எதுவானாலும் களிம்பு ஏறிய பாவாடை, வேட்டியோடு பக்கத்தில் போகக்கூடாது. படுக்கையில் விரிக்கும் பழைய சுங்குடிச் சேலையை வாரம் இருமுறை மாற்றுங்கள்.

இரண்டாவது இடம் யூரியா கிரீமுக்கு. 10 சதவீதம் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், 20 சதவீதம் செதிலையும் கரைக்கும், 40 சதவீதம் பித்தவெடிப்புக்கும் தடித்த நகத்துக்கும் மட்டும். கை, கால், முதுகுக்கு 10 சதவீதத்தில் தொடங்குவதே சரி. வெடிப்பில் பட்டால் சுரீர் என்று எரியும். அதனால் புண் இருக்கும் நாளில் பாரஃபின் கலவைக்குத் திரும்பிவிடுங்கள். முகத்திலும் கைக்குழந்தைக்கும் வேண்டாம். மூடியைத் திறந்ததும் அமோனியா நெடி அடித்தால் யூரியா சிதைந்துவிட்டது, தூக்கிப் போடலாம். 12 சதவீத லாக்டிக் அமில லோஷனும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும், ஆனால் எரிச்சல் இன்னும் அதிகம்.

சாலிசிலிக் அமிலக் களிம்பு விஷயத்தில் கண்டிப்பு தேவை. முழங்கால், கணுக்கால் போன்ற சின்ன இடத்துத் தடித்த செதிலுக்கு டாக்டர் சொன்னால் பூசலாம். உடம்பு முழுக்கப் பூசவே கூடாது, சின்னக் குழந்தைக்குத் தொடவே கூடாது. தடுப்புச் சுவர் உடைந்த தோல் வழியாக மருந்து ரத்தத்தில் ஏறி வாந்தி, காதில் இரைச்சல், வேகமான மூச்சு வரை கொண்டுபோகும். சாலிசிலிக்கோடு பீட்டாமெத்தசோனோ குளோபீட்டசாலோ (இரண்டும் ஸ்டீராய்டு) சேர்ந்த டியூபை "படைக்கு நல்லா கேக்கும்" என்று எடுத்துக் கொடுத்தால் லேபிளைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மீன்செதிலுக்கு ஸ்டீராய்டு தீர்வில்லை. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து கோடு விழும். சாலிசிலிக் கலந்த ஒயிட்ஃபீல்டு களிம்பும் படர்தாமரைக்கானதுதான், மீன்செதிலுக்கல்ல.

தேங்காய் எண்ணெய் நல்லதே, ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். களிம்பு பூச முடியாத பகல் நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

எந்தப் பூச்சு என்பதை நோயின் வகையும் தீர்மானிக்கிறது. அதிகம் காணப்படுவது, பிறந்து சில மாதம் கழித்துக் கெண்டைக்காலில் மெல்லிய செதிலாகத் தொடங்கும் சாதாரண வகை. முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் வழவழப்பாகவே இருக்கும், உள்ளங்கையில் ரேகை நெருக்கமாக ஓடும். ஐப்பசி ஈரக்காற்றில் தணிந்து மார்கழி, தையில் திரும்பும். இதற்குக் களிம்பும் 10 சதவீத யூரியாவும் போதும். பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கே வரும் எக்ஸ் குரோமோசோம் வகையில் செதில் பெரிதாக, பழுப்பாக இருக்கும். கழுத்தின் பக்கவாட்டில் அழுக்கு அடையாகத் தெரியும். அதைப் பார்த்துப் பிள்ளை குளிப்பதில்லை என்று திட்டு வாங்கும். தாய் வழியாக வருவதால் தாய்மாமனுக்கு இருக்கிறதா என்று விசாரிப்பது பாதி நோயறிதல். இந்தப் பிள்ளைகளுக்கு விதைப்பை இறங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறக்கும்போதே பாலித்தீன் சுற்றியது போல் மினுமினுக்கும் சவ்வோடு வரும் குழந்தை வீட்டு வைத்தியத்துக்கு உரியதல்ல. சவ்வை உரிக்காமல், நேராகப் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தக் குழந்தைகள் பலருக்குப் பின்னாளில் தட்டுத் தட்டான செதிலும், கீழிமை வெளியே மடங்குவதும் உண்டு. கண்ணுக்குச் சொட்டு மருந்து, காதில் செதில் அடைக்காமல் இருக்கச் சில மாதத்துக்கு ஒருமுறை காது டாக்டரிடம் சுத்தம், வைட்டமின் டி அளவு பார்ப்பது எல்லாம் பூச்சோடு சேர்ந்த வேலைகள். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் இந்த வகைக்கு வாய்ப்புக் கூடுதல். அடுத்த குழந்தைக்கு முன்பே மரபணு ஆலோசனை கேட்கலாம்.

செதிலோடு சிவப்பும் இருந்து, முடி வளராமல் முறிந்து முறிந்து போனால் முதலில் புருவத்தைப் பாருங்கள். நெதர்ட்டன் என்கிற அரிய வகையில் முடி மூங்கில் கணு மாதிரி முடிச்சு விழுந்து, ஒரு துண்டு இன்னொன்றுக்குள் செருகினாற்போல் இருக்கும். தலைமுடியில் தப்பிப் போவது புருவத்தில் அகப்படும். முடியைப் பெரிதாக்கிக் காட்டும் டிரைக்கோஸ்கோப் வைத்திருக்கும் தோல் டாக்டர் வலியில்லாமல் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார். இது உறுதியானால் எக்ஸிமாவுக்கு எழுதும் டாக்ரோலிமஸ் களிம்பையும் கவனமாகவே தொட வேண்டும். இந்தத் தோல் அதை அளவுக்கு மீறி உறிஞ்சி ரத்தத்தில் ஏற்றிவிடும். யூரியாவும் எரிக்கும். வெறும் பாரஃபின் கலவைதான் இங்கே பத்திரம்.

நடுத்தர வயதில் புதிதாகச் செதில் வந்தால் பூச்சு தேடுவதற்கு முன் டாக்டரிடம் பரிசோதனை தேடுங்கள். தைராய்டு, தொழுநோய், நிணநீர்ப் புற்று என்று உள்ளே வேறு காரணம் இருக்கலாம்.

கடைசியாக அக்னி நட்சத்திரம். செதில் வியர்வைத் துளையை அடைப்பதால் தடித்த வகை உள்ள பிள்ளைகளுக்கு வேர்க்காது, உடம்புச் சூடு உள்ளேயே ஏறும். பகலில் கெட்டிக் களிம்பை நிறுத்தி மெல்லிய லோஷன் பூசுங்கள், களிம்பு ராத்திரிக்கு இருக்கட்டும். முகம் சிவந்து, நெற்றி காய்ந்து, பிள்ளை சோர்ந்தால் காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இந்தச் சூட்டுக்கு அது கேட்காது. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணி போர்த்தி, விசிறிவிட வேண்டும். தெளியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. பள்ளிப் பையில் ஒரு ஸ்பிரே பாட்டில் தண்ணீரும் ஈரத்துண்டும் இருக்கட்டும். வெயில் நேரத்து விளையாட்டு வகுப்பில் நிழலில் உட்கார வைக்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் டாக்டர் சீட்டையும் கொடுத்துவிடுங்கள்.