மாலை ஆறு மணி பேட்ச்: பிஎம்எஸ் வகுப்பு எப்படி?

பிஎம்எஸ், அதாவது பீரியட்ஸுக்கு முன்னால் வரும் உடல், மனத் தொல்லைகளைக் குறைக்க, திருச்சி தில்லைநகரில் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது இந்தப் பெண்கள் உடற்பயிற்சி வகுப்பு. குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய். கணவரையும் கூட்டிக்கொண்டு போகும் ஞாயிறு வகுப்புக்குத் தனியாக 1,500. நோட்டீஸில் 'மூன்றே மாதத்தில் பிஎம்எஸ்ஸுக்கு குட்பை' என்று ஒரு வரி இருக்கும். அதை மட்டும் அடித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

டிரெய்னர் பிசியோதெரபி படித்தவர், நேரில் உண்மையைத்தான் சொல்கிறார். "அக்கா, இது சுத்தமா போகாது. தாங்கற அளவுக்குக் குறையும்." நோட்டீஸ் அடித்தது ஓனர் போலிருக்கிறது. பீரியட்ஸுக்கு முந்தைய வாரம், பத்து நாளில் உடம்பு உப்பி, மார்பு வலித்து, தூக்கம் கெட்டு, தொட்டதற்கெல்லாம் எரிச்சல் வந்து, பீரியட்ஸ் தொடங்கிய சில நாளில் தானாக வடிந்துவிடுவதுதான் பிஎம்எஸ். பீரியட்ஸ் அன்று வரும் வயிற்றுவலி வேறு. இந்த வித்தியாசத்தை முதல் நாளே சொல்லிவிட்டார். கையில் ஒரு தாளும் கொடுத்தார். இரண்டு மாதம் தினமும் ராத்திரி அதில் குறிக்க வேண்டும். டாக்டர்களும் இப்படி இரண்டு சுழற்சிக்குக் குறித்துப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள் என்றார்.

வகுப்பு ஒரு மணி நேரம். ஸ்டெப் பலகையில் ஏறி இறங்குவது பாதி, ரப்பர் பேண்டை இழுப்பது, கடைசியில் தரையில் நீட்டி மடக்குவது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது; அந்த வேகம் போதும் என்பது அவர் கணக்கு. அதைச் சோதிக்க ஏறி இறங்கும்போதே ஒவ்வொருவரையும் பேசச் சொல்வார். பாதிப் பேர் மாமியாரைப் பற்றித்தான் பேசினார்கள், மூச்சு வாங்கவே இல்லை. டேட் நெருங்கினால் சொல்லிவிடலாம்; குதிப்பதை எடுத்துவிட்டுச் சுவரில் கால் தூக்கி வைத்துப் படுக்கவைப்பார். மார்பு கனக்கும் வாரத்தில் குதிக்கச் சொல்லாத டிரெய்னரை நான் இங்கேதான் பார்த்தேன்.

பலன்? தூக்கம் நன்றாக வருகிறது. உப்பசம் அப்படியேதான் இருக்கிறது. எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கிலாந்து மகளிர் மருத்துவர்களின் ராயல் காலேஜ் தன் வழிகாட்டியில் முதல் கட்டச் சிகிச்சைகளில் உடற்பயிற்சியையும் வைத்திருக்கிறது; ஆனால் அதை வைத்து நடந்த ஆய்வுகளில் பல சின்னச் சின்னவைதான். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஞாயிறு வகுப்புதான் சுவாரசியம். கணவன்மார்களை வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மாலை ஆறிலிருந்து ஏழரை வரை வீட்டில் என்ன வேலை செய்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார். ஒருவர் 'நியூஸ்' என்று எழுதியிருந்தார். அப்புறம் போர்டில் ஒரு விதி: சண்டை நடக்கும்போது "டேட் வரப்போகுதா?" என்று கேட்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் விதியை மீறவில்லை. அந்த வாரம் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி நான் கத்தியபோது, மிக அமைதியாக, "இன்னிக்கு கிளாஸ் போகலையா?" என்றார். குழாய் மாதம் முழுக்க ஒழுகுகிறது. மூன்று வாரம் பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன், நாலாவது வாரம் அந்தப் பொறுமை இருப்பதில்லை. அதற்காகக் குழாய் நல்ல குழாய் ஆகிவிடுமா? அடுத்த ஞாயிறு டிரெய்னரிடம் போட்டுக்கொடுத்தேன். அந்தக் கேள்வியும் போர்டில் ஏறியது. "சார், குழாயைப் பத்திப் பேசினா குழாயைப் பத்திப் பதில் சொல்லுங்க" என்றார். பின்வரிசையில் ஒருவர் அதையும் குறித்துக்கொண்டார்.

ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் ஜேன் அஷரின் குழு 83 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வந்தது. பெண் தனியாகக் கவுன்சலிங் போனாலும் தொல்லை குறைந்தது. துணையோடு போனபோது உறவும் கூடுதலாகத் தேறியது. அது பேச்சுச் சிகிச்சை, இது ஸ்டெப் பலகை என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் சண்டை குறைந்ததற்குக் காரணம் வியர்வை மட்டும் இல்லை. நான் ஆறு மணிக்குச் செருப்பை மாட்டினால் பையனின் கணக்கு ஹோம்வொர்க், சட்னி, ஏழு மணிக்குத் தண்ணீர் மோட்டார் எல்லாம் அவர் தலையில். ஹோம்வொர்க்கை முடித்துவிட்டு ஒருநாள் அவரே, "இவன் தினமும் இப்படித்தான் பண்ணுவானா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கே 4,500 கொடுக்கலாம்.

இனி குறைகள். ஸ்பீக்கர் காது கிழிகிறது. உடை மாற்றும் அறையில் ஒரு ஆணிகூட இல்லை, சுடிதாரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஞாயிறு வகுப்பில் பாதி நேரம் கணவர் பாதத்தைப் பிடிக்க மனைவி வளைவது, அதை ஓனர் போட்டோ எடுப்பது என்று போய்விடுகிறது. வகுப்பில் சேர்க்கும்போது தொல்லை எவ்வளவு கடுமை என்று யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். வாழவே பிடிக்காத அளவுக்கு மனம் விழுகிறது என்றால் அது பிஎம்டிடி என்ற கடுமையான வகையாக இருக்கலாம். ஸ்டெப் பலகையை நம்பித் தள்ளிப்போடாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும், அதற்கு மருந்து இருக்கிறது.

மாலை பேட்சுக்கு மறுபடி கட்டப் போகிறேன். ஞாயிறு ஒருமுறை போனால் போதும். வரவேற்பு மேஜையில் 'ஹார்மோன் பேலன்ஸ்' பவுடர் டப்பா 1,200 ரூபாய் என்று நீட்டுவார்கள். வாங்காதீர்கள், டிரெய்னரே வாங்கச் சொல்வதில்லை.