கால்பந்து ஆடிய பெண் குத்துச்சண்டைக்கு வந்தால்: சிங்காநல்லூர்ப் பக்கத்துப் பயிற்சிக்கூடம் ஒன்றைப் பற்றி

கோவையில் பெண்களுக்குக் குத்துச்சண்டை கற்றுத்தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் இடங்களில் பெரும்பாலானவை எடையைக் குறைக்க வருபவர்களை நம்பி நடப்பவை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒரு விளையாட்டில் ஊறிய பெண், போட்டிக் களத்தில் இறங்கும் எண்ணத்தோடு வந்தால் அவளை என்ன செய்வது என்று தெரிந்த இடங்கள் குறைவு. அப்படித் தெரிந்த ஓர் இடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். சிங்காநல்லூர்ப் பக்கம், மோட்டார் ரீவைண்டிங் பட்டறை ஒன்றின் மாடியில், தகரக் கூரையின் கீழ் இருக்கிறது என்ற அளவில் அடையாளம் போதும்.

நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருப்பவள். பெண்கள் கால்பந்து அணியைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டு வருகிறேன். என் அக்கா மகள் பள்ளியிலும் கல்லூரியிலும் நடுக்களத்தில் ஆடியவள். கல்லூரி முதலாண்டு முடிவில், இனிமேல் குத்துச்சண்டைதான் என்று அவள் சொன்னபோது வீட்டில் எழுந்த முதல் கேள்வி மூக்கைப் பற்றியது, இரண்டாவது கல்யாணத்தைப் பற்றியது. எனக்கு இருந்த கவலை வேறு. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் கால்பந்துப் பட்டத்தை வென்ற மாநிலம் இது. இங்கே கால்பந்தில் ஒரு பெண்ணுக்கு முன்னே போக ஒரு வழியாவது கண்ணுக்குத் தெரிகிறது. அதை விட்டுவிட்டு வருபவளை, முன்பு கற்றதெல்லாம் வீண் என்று சொல்லி முதல் எழுத்திலிருந்து தொடங்க வைப்பார்களா, அல்லது ஏற்கெனவே ஓட்டத்தில் தேறியவள்தானே என்று ஒரே மாதத்தில் ரிங்குக்குள் தள்ளிவிடுவார்களா என்பதே என் அச்சம். இதற்கு முன்னால் விசாரித்த வேறோர் இடத்தில், ஆறே மாதத்தில் பதக்கத்துக்குப் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தார்கள். எந்தப் போட்டியில் என்று கேட்டபோது, அவர்களே நடத்தும் போட்டி என்று தெரிந்தது.

இங்குள்ள மாஸ்டர் முதல் நாள் கையுறையே கொடுக்கவில்லை. கால்பந்தில் எந்தக் காலால் அடிப்பாய் என்று கேட்டார். அவள் இடது காலால் பந்தை உதைப்பவள். எழுதுவதும் சோறு உண்பதும் வலது கையால். இப்படிப்பட்டவளை வலது கையை முன்னால் வைக்கும் சவுத்பாவாக நிறுத்துவதா, இடது கையை முன்னால் வைக்கும் ஆர்த்தடாக்ஸாக நிறுத்துவதா என்பது சாதாரணக் கேள்வி அல்ல, ஏனெனில் அடுத்து வரும் ஆண்டுகளின் பயிற்சி முழுவதும் அந்த நிலையின் மேல்தான் கட்டப்படும். சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றி, முழுப் பலத்தோடு தள்ளச் சொன்னார். யோசிக்காமல் அவளுடைய வலது கால் பின்னால் போயிற்று. இடது காலால் உதைப்பவர்களுக்கு, உதைக்கும் ஒவ்வொரு முறையும் உடல் பாரத்தைத் தாங்கி நிற்பது வலது கால். அந்தக் கால்தான் தரையை உந்தித் தள்ளும் வேலையைப் பழகியிருக்கிறது. ஆகவே ஆர்த்தடாக்ஸ் என்று முடிவு செய்தார். குத்தின் வலு பின்னங்காலில் தொடங்கி இடுப்பு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது என்பதை உடற்கல்விக் கல்லூரியில் நானும் படித்ததுதான். உதைக்காத காலில் இருக்கும் சேமிப்பை ஒருவர் இப்படிக் கண்டெடுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த பல வாரங்கள் கைக்கு வேலை குறைவு. தரையில் டேப் ஒட்டி, அதன் இருபுறமும் கால்களை வைத்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர வேண்டும்; எந்த நிலையிலும் கால்கள் குறுக்கே போகக் கூடாது. கால்பந்தில் திரும்பி ஓடும்போது காலைக் குறுக்கே எடுத்து வைப்பது இயல்பான அசைவு. ரிங்கில் அதே அசைவின் நடுவில் சிறு குத்து விழுந்தாலும் ஆள் சாய்ந்துவிடுவாள். பந்தைப் பார்க்கும் கண் தரைக்கு இறங்குவது இன்னொரு பழக்கம். ஒவ்வொரு முறை அவள் பார்வை கீழே போனபோதும் மாஸ்டர் சத்தம் போடாமல் சொன்னது ஒன்றே: “காலப் பாக்காத கண்ணு, அது எங்கயும் ஓடிப் போயராது.” தூணுக்குத் தூண் தோள் உயரத்தில் கயிறு கட்டி, அதன் அடியில் முழங்காலை மடக்கி நுழைந்து மறுபக்கம் எழ வைத்தார். கால்பந்தாடுபவர்கள் பெரும்பாலும் இடுப்பை வளைத்துக் குனிவார்கள். குனிந்த தலைக்குக் கீழிருந்து மேலே எழும் குத்தான அப்பர்கட் வரும்.

மாற்ற வேண்டியதை மாற்றினாரே தவிர, காக்க வேண்டியதைக் கலைக்கவில்லை என்பதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். தடுப்பாட்டக்காரியை ஏமாற்றத் தோளை ஒரு பக்கம் சாய்த்துவிட்டு மறுபக்கம் பந்தோடு போகும் வித்தை அவளிடம் இருந்தது. அதே தோள் சாய்ப்பைப் போலிக் குத்தாக மாற்றி, எதிரியின் கை எழுந்ததும் வயிற்றில் ஜாப், அதாவது முன் கையால் நேராக விடும் குத்து, வைக்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார். அவளுக்கு மிக விரைவில் படிந்தது அதுதான். மூச்சு மட்டும் ஏமாற்றிவிட்டது. 90 நிமிடம் மைதானம் முழுக்க ஓடியவள், 3 நிமிடச் சுற்று மூன்றை முடிக்க முடியாமல் இரண்டாம் சுற்றிலேயே வாயைத் திறந்துவிட்டாள். கால்பந்தில் ஓட்டத்துக்கு நடுவே நடக்கவும் நிற்கவும் இடம் உண்டு. இங்கே சுற்றுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தைத் தவிர ஓய்வு இல்லை, கைகள் எந்நேரமும் முகத்துக்கு முன்னால் நிற்க வேண்டும், பதற்றத்தில் மூச்சும் அடங்கிப் போகிறது. ஒவ்வொரு குத்துக்கும் மூச்சை வெளியே விடும் பழக்கம் வந்த பிறகுதான் இது சரியானது.

ஸ்பேரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று குத்திப் பழகுவது, பற்றி மாஸ்டரிடம் நான் நேராகவே கேட்டேன். “கார்டு நிக்கற வரைக்கும் ரிங்குப் பக்கம் உடமாட்டனுங்க டீச்சர்” என்றார். முகத்தைக் காக்கும் கைகள் தளராமல் நிற்பதைத்தான் கார்டு என்கிறார். சொன்னபடியே நடந்துகொண்டார். தொடங்கிய பிறகும் வாரத்துக்கு ஒரு நாள்தான், திணிப்பு அதிகமுள்ள 16 அவுன்ஸ் கையுறையோடுதான். போட்டியில் பெண்கள் அணிவது 10 அவுன்ஸ். பெண்களுக்குத் தலைக்கவசம் உண்டு என்பதால் பெற்றோர் பலர் நிம்மதி அடைகிறார்கள். அது புருவம் கிழிவதையும் காது நசுங்குவதையும் குறைக்கும். மூளை அதிர்ச்சியைத் தடுத்துவிடும் என்று நம்பக் கூடாது. தலை சுற்றுகிறது என்று ஒருத்தி சொன்னால் அன்றைக்கு மட்டும் அல்ல, மருத்துவர் பார்த்துச் சொல்லும் வரை அவள் ஸ்கிப்பிங் கயிற்றோடு சரி. இந்த ஒரு விதிக்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன்.

சுவரில் மேரி கோமும் கேட்டி டெய்லரும் லாரன் பிரைஸும் இருக்கிறார்கள். கேட்டி டெய்லரின் படத்துக்குக் கீழே “கால்பந்தை விட்டு உலக சாம்பியன் ஆனவர்” என்று யாரோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். கால்பந்தை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்தவர் அல்லர் அவர். அயர்லாந்துப் பெண்கள் கால்பந்து அணிக்காகச் சர்வதேச ஆட்டங்கள் ஆடிக்கொண்டே, 2006-இல் நம் புது தில்லியில் நடந்த உலகப் போட்டியில் 60 கிலோ பிரிவில் முதல் தங்கத்தை வாங்கினார். அதே போட்டியில் மேரி கோமுக்கும் தங்கம். 2014 வரை நடந்த ஐந்து உலகப் போட்டிகளிலும் டெய்லர் தொடர்ந்து தங்கம் வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முறையாகச் சேர்க்கப்பட்டபோது அங்கேயும் தங்கம். லாரன் பிரைஸ் வேல்ஸ் நாட்டுக்காகக் கால்பந்து ஆடியவர். கிக்பாக்சிங்கிலும் பட்டங்கள் வாங்கியவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 75 கிலோ இறுதிச் சுற்றில் ஐந்து நடுவர்களும் அவர் பக்கமே நின்றார்கள். 2025 மார்ச்சில் லண்டனில் அவர் தோற்கடித்த நடாஷா ஜோனஸ், அமெரிக்காவில் கால்பந்து உதவித்தொகை பெற்று முழங்கால் காயத்தால் திரும்பி வந்து குத்துச்சண்டை தொடங்கியவர். அன்று உலகப் பட்டங்களுக்காக ரிங்கில் நின்ற இருவருமே ஒரு காலத்தில் பந்தோடு இருந்தவர்கள்.

இந்தக் கதைகளைப் பெற்றோர் அதிகம் நம்பிவிடக் கூடாது என்று மாஸ்டரே சொல்கிறார் என்பது எனக்குப் பிடித்தது. தடகளத்திலிருந்து 2000-இல் வந்த மேரி கோம் 2001 உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிவிட்டாரே என்று ஒரு தந்தை வாதிட்டபோது, அது பெண்களுக்கான முதல் உலகப் போட்டி என்றும், இன்றைக்கு எதிரே நிற்பவள் பத்து வயதிலிருந்து கையுறை போட்டவளாக இருப்பாள் என்றும் பொறுமையாக விளக்கினார். 17, 18 வயதில் யூத் பிரிவு. 19 ஆகிவிட்டால் பெரியவர்களுக்கான எலைட். எங்கள் பெண்ணைப் போலக் கல்லூரியில் வந்து சேர்பவர்களுக்கு யூத் பிரிவில் கிடைக்கும் காலம் மிகக் குறைவு. இதைச் சேரும் நாளிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். எந்தப் போட்டி மாநில, தேசியச் சங்கங்களின் கணக்கில் வரும், எதன் சான்றிதழ் வெறும் காகிதம் என்பதையும் மறைப்பதில்லை.

இனி குறைகள். எடை விஷயத்தில் இங்கே கண்காணிப்பு போதாது. கால்பந்தில் இரண்டு கிலோ கூடினால் கேட்பார் இல்லை. குத்துச்சண்டையில் போட்டி நாள் காலையில் எடை மேடையில் ஏற வேண்டும், அடுத்த சுற்றுக்குப் போனால் அன்றைக்கும் ஏற வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இருந்த பிரிவுகள் 50, 54, 57, 60, 66, 75 கிலோ ஆகிய ஆறுதான் என்பதால், 60-க்கும் 66-க்கும் நடுவில் இருந்த பெண்ணுக்கு அப்போது சோதனை அதிகமாக இருந்தது. மாஸ்டர் சொல்லும் முறை நல்லது: ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, நாமக்கல்லிலிருந்து வரும் முட்டை என்று வீட்டுச் சாப்பாட்டையே அளவாகச் சாப்பிட்டு, இயல்பாக நிற்கும் எடையிலேயே ஆட வேண்டும் என்பார். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் மூத்த மாணவிகள், தண்ணீரை நிறுத்து, ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடு என்று சின்னப் பெண்களுக்குப் பாடம் நடத்துவதை என் காதாலேயே கேட்டேன். புகார் செய்தபோது கண்டித்தார், எழுதி ஒட்டுகிறேன் என்றார், இன்னும் ஒட்டவில்லை.

உடை மாற்றும் அறை ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள் சரியாக விழாது. பொதுத் தலைக்கவசங்களின் உள்பக்கம் கையை வைத்துப் பார்த்தால் ஈரம் காயாமல் இருக்கிறது. சொந்தமாக ஒன்று வாங்கிவிடுவது தோலுக்கும் நல்லது, தலைமுடிக்கும் நல்லது. தலைக்கவசத்தின் கீழே போடும் முடிவலையையும் மார்புக் கவசத்தையும் பற்றிப் புதிய பெண்களுக்குச் சொல்ல ஒரு பெண் பயிற்சியாளர் இல்லை. மாஸ்டர் கூச்சப்பட்டு என்னிடம் சொல்லி, நான் மற்றப் பெண்களுக்குச் சொல்லும்படி ஆயிற்று. முதலுதவிப் பெட்டி இருக்கிறது, ஐஸ் கீழே பேக்கரியிலிருந்து வர வேண்டும். கோடையில் தகரக் கூரைக்குக் கீழே மாலை வகுப்பு கடுமை. காலை வகுப்புக்குப் பேருந்து பிடிக்க சூலூர்ப் பக்கத்துப் பெண்கள் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருக்கிறது.

கட்டணம் மாதம் 1,500 ரூபாய். ரிங்கில் பயிற்சி தொடங்கிய பிறகும் ஏற்றுவதில்லை. கையுறை, 4.5 மீட்டர் கைக்கட்டு, பல்கவசம் மூன்றையும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். இன்ன கடையில்தான் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. கைக்கட்டைக் கட்டும் விதத்தை மட்டும் மாஸ்டர் தானே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல்களுக்கு நடுவே குறுக்காக, பிறகு முட்டிகளின் மேல் மடிப்பு விழாமல் பரப்பி, கடைசியில் மறுபடியும் மணிக்கட்டு. கால்பந்தில் கையைக் கவனித்தே பழகாத பெண்ணின் மணிக்கட்டு மெலிந்துதான் இருக்கும் என்று, அந்த மணிக்கட்டுச் சுற்று தளர்ந்திருந்தால் மொத்தத்தையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டச் சொல்கிறார்.

கோல்கீப்பராக இருந்த பெண்களுக்கு இந்த முறை எவ்வளவு பொருந்தும் என்று நான் பார்த்ததில்லை. நடுக்களத்திலும் ஓரங்களிலும் ஆடி, காலில் வேகமும் தோளில் ஏமாற்றும் உள்ளவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். ஆறு மாதத்தில் மேடை ஏற வேண்டும் என்ற அவசரம் இருந்தால் இங்கே வர வேண்டாம். மாஸ்டரும் ஏற்றமாட்டார், வீணாக மனத்தாங்கல்தான் மிஞ்சும். சேர்வதற்கு முன்னால் மாலை வகுப்பு ஒன்றை ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் மட்டும் வகுப்பு இருக்காது என்பதால், கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.