கிங்ஸ்டனுக்குப் போன ஜானி நாஷா, போகாத ஸ்டேப்பிள் சிங்கர்ஸா?

ஜமைக்காவின் ரெக்கே தாளம், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், 1972-இல் அங்கே முதலிடம் பிடித்த இரண்டு பாட்டுகளைப் போட்டுக் கேளுங்கள்.

ஜானி நாஷ் ஹூஸ்டன்காரர். 1960-களிலேயே ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போய்ப் பதிவு செய்தவர், பாப் மார்லி பாட்டுகளையும் பாடியவர். ஆனால் ‘ஐ கேன் சீ கிளியர்லி நவ்’ எனக்குக் கொஞ்சம் வழுவழுப்பு. தாளம் அடியில் துள்ளினாலும் மேலே முழுக்க பாப் இசைதான்.

மேவிஸ் ஸ்டேப்பிள்ஸ் முன்னணியில் பாடிய குடும்பக் குழு ஸ்டேப்பிள் சிங்கர்ஸ். அவர்களின் ‘ஐ வில் டேக் யூ தேர்’ பதிவானது அலபாமாவின் மசில் ஷோல்ஸில். தொடக்கமும் பேஸ் கிட்டார் வரியும் ஜமைக்கா குழுவான ஹாரி ஜே ஆல்ஸ்டார்ஸின் 1969 ‘லிக்விடேட்டர்’ இசைத்தட்டிலிருந்து எடுத்தவை (பாட்டை எழுதியவராகப் பெயர் போட்டுக்கொண்டது அவர்களின் இசைத்தட்டு நிறுவனமான ஸ்டாக்ஸின் ஆல் பெல், அது தனிப் பஞ்சாயத்து). இரண்டே கார்டுகள் (chords), அதற்கு மேல் ஒன்றும் இல்லை, டேவிட் ஹூட்டின் பேஸ் சுற்றிச் சுற்றி வர, மேவிஸ் தேவாலயத்தில் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு ஒவ்வொரு வாத்தியத்தையும் உள்ளே இழுக்கிறார். சரி, முதலில் ஜமைக்கா போனவர் நாஷ்தான். ஆனால் ரெக்கேயும் சோலும் ஒட்டியது எங்கே என்றால், என் ஓட்டு மேவிஸுக்கு.