ஆட்சென்ஸா, மாற்று நிறுவனமா? வலைப்பூவுக்கு விளம்பர ஒப்புதல் பெறும் வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

வலைப்பூ தொடங்கிச் சில மாதங்கள் விடாமல் எழுதிவிட்டால் எந்தப் பதிவருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடும்: விளம்பரத்துக்கு எங்கே விண்ணப்பிப்பது? தளங்களில் விளம்பரம் காட்டி வருவாயில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸிலா, ஒரே நாளில் ஒப்புதல் என்று கூவி அழைக்கும் பாப்-அண்டர் (பக்கத்துக்குப் பின்னால் தனிச் சாளரத்தில் திறக்கும் விளம்பரம்) நிறுவனங்களிலா, மீடியாவைன், ராப்டிவ் போன்ற பெரிய இடங்களிலா? இதற்குள் இன்னொரு குழப்பமும் உண்டு. இலவச பிளாக்ஸ்பாட் முகவரியே போதுமா, சொந்த டொமைன் (கட்டணம் கட்டிப் பெறும் தளப் பெயர்) வேண்டுமா, வேர்ட்பிரஸ் மென்பொருளுக்கு மாறியாக வேண்டுமா?

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் எழுதுகிறவருக்குச் சொந்த டொமைனும் ஆட்சென்ஸும்தான் பொருத்தமான சேர்க்கை. அதிலும் விண்ணப்பத்தைக் கொஞ்சம் தாமதமாக அனுப்புகிறவரே சீக்கிரம் ஒப்புதல் பெறுகிறார். மற்ற வழிகளில் சில இப்போதைக்கு எட்டாதவை. சில எட்டினாலும் வேண்டாதவை.

பட்டியலை முதலில் சுருக்கிவிடுவது மொழி. மீடியா டாட் நெட் நல்ல பெயருள்ள நிறுவனம். யாஹூ, பிங் விளம்பரங்கள் அதன் வழியாக வருகின்றன. ஆனால் அது எதிர்பார்ப்பது ஆங்கில உள்ளடக்கத்தையும், அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளிலிருந்து வரும் வாசகர்களையும். தமிழ் வலைப்பூவுக்கு அங்கே வேலையில்லை. 2003இல் தொடங்கிய ஆட்சென்ஸுமே தமிழை ஏற்றுக்கொள்ள 2018 வரை எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு சிலர் ஆங்கிலத்தில் பெயருக்கு ஒரு வலைப்பூ நடத்தி ஒப்புதல் வாங்கிக்கொண்டு, பிறகு தமிழ்ப் பக்கத்துக்கு வருவார்கள். அந்த யோசனையை இன்றும் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். தமிழ்ப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆங்கிலப் பதிவுகளைச் செருகுவதால் எந்தச் சலுகையும் கிடைக்காது. வலைப்பூ எதைப் பற்றியது என்ற தெளிவுதான் கெடும்.

பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். மீடியாவைன் நெடுங்காலம் 30 நாளில் 50,000 அமர்வுகள் (ஒரு வாசகர் ஒரு முறை தளத்துக்கு வந்துபோவது ஓர் அமர்வு) இருந்தால்தான் கதவைத் திறந்தது. 2024இல் சிறிய தளங்களுக்காக ஜர்னி என்ற திட்டத்தை 10,000 அமர்வுகள் என்ற வரம்புடன் தொடங்கியது. 2023 வரை ஆட்த்ரைவ் என்ற பெயரில் இருந்த ராப்டிவ் மாதம் 1,00,000 பக்கப் பார்வைகள் கேட்டுவந்தது. இந்த வரம்புகள் இப்போது அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் அவரவர் தளத்தில் பார்த்துக்கொள்வதே நல்லது. வருவாயில் 75 சதவீதம் பதிவருக்கு என்பது இவர்களின் கவர்ச்சி. ஆட்சென்ஸ் வழியாகக் கூகுளின் விளம்பரதாரர்கள் செலவிடும் தொகையில், இடைக்கட்டணங்கள் போகப் பதிவருக்கு ஏறத்தாழ 68 சதவீதம் வருகிறது. ஆனால் இந்தச் சதவீதங்களை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. இவர்கள் தேடுவது விளம்பரதாரர்கள் அதிக விலை கொடுக்கும் நாடுகளின் வாசகர்களை. வருகை எண்ணிக்கை இருந்தாலும் அந்த வாசகர்கள் இல்லையென்றால் பதில் சாதகமாக வராது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்த இடைநிலை நிறுவனங்கள் விற்கும் விளம்பரங்களில் பெரும்பகுதி கூகுளின் ஏலச் சந்தை வழியாகத்தான் வருகிறது. அதனால் அவர்களும் தளத்தைக் கூகுளின் விதிகளோடு ஒத்துப்பார்த்தே சேர்க்கிறார்கள். எசோயிக் என்ற இடைநிலை நிறுவனமும் கூகுளின் விளம்பரச் சந்தையோடு இணைந்து வளர்ந்ததுதான். அங்கே சேர்த்தாலும் உங்கள் டொமைனைக் கூகுள் பார்க்கத்தான் செய்யும். ஆட்சென்ஸ் நிராகரித்த கோபத்தில் இவர்களிடம் போகிறவர், வேறொரு வாசல் வழியாக அதே அறைக்குள்தான் நுழைகிறார்.

கூகுளின் நிழல் படாத இடம் என்றால் ஆட்ஸ்டெர்ரா, புரொபெல்லர் ஆட்ஸ் போன்றவை. இங்கே ஒப்புதல் விரைவாகக் கிடைப்பதற்குக் காரணம் எளிது: எழுத்தை யாரும் பெரிதாகப் படிப்பதில்லை. வாசகர் பக்கத்தில் எங்கேயாவது தொட்டால் பின்னால் இன்னொரு சாளரம் திறந்துகொள்ளும், பணம் அதற்குத்தான். சமையல் குறிப்பு படிக்க வந்தவரைச் சூதாட்டப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, அவர் நாளையும் வருவார் என்று எதிர்பார்க்க முடியுமா? நச்சரிக்கும் விளம்பரங்கள் உள்ள தளங்களில் குரோம் உலாவி 2018 முதல் விளம்பரங்களையே தடுத்துவிடுகிறது. "ஆட்சென்ஸ் வரும்வரை இதை வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று: வாசகரின் போக்கைத் தடுக்கும் பாப்-அப், பாப்-அண்டர் உள்ள தளங்களில் தன் விளம்பரம் வரக் கூடாது என்பது ஆட்சென்ஸின் விதி. தற்காலிக ஏற்பாடே நிரந்தரத் தடையாக நிற்கும். கோப்புகளைத் தரவிறக்க மட்டும் ஆட்கள் வந்துபோகிற தளங்களுக்கு இவை ஒருவேளை கட்டுப்படியாகலாம். எழுத்தை நம்பி நடக்கும் வலைப்பூவுக்கு ஆகாது.

அமேசான் போன்ற இணைப்பு விற்பனைத் திட்டங்கள் (உங்கள் இணைப்பு வழியாக வாசகர் பொருள் வாங்கினால் தரகு கிடைப்பவை) வேறு வகை. அங்கே சேருவது எளிது, நிலைப்பதுதான் கடினம்: அமேசானில் 180 நாளுக்குள் 3 விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும். கருவிகள், புத்தகங்கள், கேமராக்கள் பற்றி எழுதுகிறவர்கள் யோசிக்கலாம். கவிதையும் கட்டுரையும் எழுதுகிறவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி முகவரி. பிளாக்ஸ்பாட்டில் ஆட்சென்ஸ் கிடைக்காது என்று ஒரு வதந்தி ஓயாமல் சுற்றுகிறது. அது உண்மையில்லை. பிளாக்ஸ்பாட் முகவரியைத் தரும் பிளாகர் சேவை கூகுளுக்கே சொந்தம். அதன் டாஷ்போர்டிலேயே வருமானத்துக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. செலவே இல்லாமல் ஒப்புதல் வாங்கலாம் என்பது அதன் பெரிய பலம். பலவீனம் பிறகு தெரியும். ஒப்புதல் கிடைத்து, வாசகர் பெருகி, சொந்த டொமைனுக்கு மாறும்போது அதை ஆட்சென்ஸ் புதிய தளமாகவே கருதும்; மறுபடியும் பட்டியலில் சேர்த்து மறுபடியும் பரிசீலனைக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு முறை தேர்வு எழுதுவதைவிட, டொமைனை முதலிலேயே வாங்கி பிளாகருடன் இணைத்துவிடலாம். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சேவையக இடம்) இலவசம், பாதுகாப்புச் சான்றிதழ் இலவசம், ஆண்டுக்கு ஒரு முறை டொமைன் கட்டணம் மட்டும். பிற்காலத்தில் வேர்ட்பிரஸுக்குப் போனாலும் பெயர் உங்களுடையதாகவே இருக்கும்.

வேர்ட்பிரஸ் விஷயத்தில் இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காம் தளத்தின் இலவசத் திட்டத்தில் ஆட்சென்ஸ் நிரலைப் போட வழியில்லை. பலர் அங்கே நூறு பதிவுகள் எழுதிய பிறகுதான் இதை அறிகிறார்கள். சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவும் வேர்ட்பிரஸில் எல்லாச் சுதந்திரமும் உண்டு. கூடவே காப்பு நகல், புதுப்பிப்பு, தளம் முடங்கினால் எழுப்புவது என்று எல்லாத் தலைவலியும் உண்டு. பரிசீலனை நேரத்தில் தளம் திறக்கவில்லை என்பதே நிராகரிப்புக்குப் போதுமான காரணம். மலிவான ஹோஸ்டிங்கில் அது நடக்கக் கூடியதுதான். ஒப்புதல் என்ற ஒரே கோணத்தில் பார்த்தால் வேர்ட்பிரஸுக்குக் கூடுதல் மதிப்பெண் எதுவும் இல்லை; தோற்றத்தையும் அமைப்பையும் இஷ்டம்போல் மாற்ற விரும்புகிறவர் மட்டும் அந்தச் செலவைச் செய்யலாம்.

தமிழ்ப் பதிவர்கள் இரண்டு இடத்திலும் ஒரு சிக்கலைச் சந்திப்பார்கள். தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் பிளாகர் பதிவின் முகவரியில் வெறுமனே பிளாக்-போஸ்ட் என்றும் ஓர் எண்ணும் போட்டுவிடும். வேர்ட்பிரஸ் தமிழ் எழுத்துகளை ஏற்கும்; ஆனால் அந்த இணைப்பை நகலெடுத்து அனுப்பினால் சதவீதக் குறிகள் நிறைந்த முழ நீள முகவரியாகிவிடும். வெளியிடும் முன் ரோமன் எழுத்தில் சுருக்கமான முகவரி ஒன்றைக் கைப்பட அமைப்பது இரண்டுக்கும் தீர்வு. ஒப்புதலுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், பிறகு மாற்றுவது பெரும் தொல்லை.

எந்த வழியில் போனாலும் கடைசியில் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்றுதான்: "மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்" என்ற நிராகரிப்பு. இதைப் படித்தவுடன் பதிவுகளின் எண்ணிக்கை போதவில்லை என்று நினைத்து, ஒரு வாரத்தில் இருபது பதிவுகளை அடித்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. இத்தனை பதிவு, இத்தனை சொல், இத்தனை வாசகர் என்று ஆட்சென்ஸ் எங்கும் வரையறுக்கவில்லை. முப்பது பதிவுகள் வேண்டும் என்பது பதிவர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி உருவாக்கிய கணக்கு. பன்னிரண்டு பதிவுகள் உள்ள வலைப்பூவுக்குக் கிடைப்பதும், முந்நூறு பதிவுகள் உள்ளதற்கு மறுக்கப்படுவதும் இதனால்தான்.

உண்மையில் அடிபடுபவை எவை? திரைப்பாடல் வரிகளை அடுக்கி வைத்த தளங்கள். அந்த வரிகள் வேறொருவரின் உரிமை. செய்தித்தாளில் வந்ததைச் சொற்களை மட்டும் மாற்றிப் போடும் தளங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் மருத்துவக் குறிப்புகள், பொன்மொழிகள், ராசிபலன் நகல்கள். ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்து அப்படியே வெளியிடுபவை. வாசகருக்குப் பயனில்லாமல், தேடலில் முன்னே வருவதற்காகவே பக்கங்களைக் குவிப்பதைக் கூகுள் தேடல் 2024 மார்ச் முதல் தனி விதிமீறலாகவே பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. ஆட்சென்ஸின் பார்வையும் அதிலிருந்து தள்ளி இல்லை. இந்தப் பட்டியலில் வராத நல்ல வலைப்பூக்களும் சில நேரம் சிக்குகின்றன. அவற்றில் பெரும்பாலும் குற்றவாளி டெம்ப்ளேட்டும் (தளத்தின் வடிவமைப்பு அச்சு) கவனிக்காமல் விட்ட பக்கங்களும்தான்: மெனுவில் எங்கும் போகாத மாதிரி இணைப்புகள், பதிவே இல்லாத வகைகள், ஒரு படமும் இரண்டு வரியுமாக நிற்கும் பழைய பதிவுகள். மெலிந்த பதிவுகளை நீக்கினால் எண்ணிக்கை குறையுமே என்று தயங்க வேண்டாம். நீக்கினால் தளம் வலுப்பெறும்.

தனியுரிமைக் கொள்கைப் பக்கம் கட்டாயம். குக்கிகள் (உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் கோப்புகள்) வழியாக விளம்பரம் காட்டப்படுவதை வாசகருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அறிமுகப் பக்கமும் தொடர்புப் பக்கமும் விதியில் எழுதப்படாதவை, இருந்தாலும் வையுங்கள். ஐரோப்பாவிலிருந்து உங்களை வாசிப்பவர்கள் இருந்தால், 2024 ஜனவரி முதல் அங்குள்ளவர்களுக்கு, குக்கிகளுக்குச் சம்மதம் கேட்கும் செய்தியைக் கூகுளின் சான்று பெற்ற கருவி வழியாகக் காட்ட வேண்டும். ஆட்சென்ஸுக்குள்ளேயே அதை அமைத்துக்கொள்ளலாம். தளம் உங்களுடையது என்று நிரூபிக்க ஆட்சென்ஸ் நிரல், ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி (ads.txt) என்ற உரைக் கோப்பு, பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்க்கும் மெட்டா குறிச்சொல் என மூன்று வழிகள் தருகிறார்கள். எது எளிதோ அதைச் செய்யுங்கள். முடிவு சில நாளில் வரலாம், சில வாரங்களும் ஆகலாம். நிராகரித்த மறுநாளே எதையும் திருத்தாமல் மறுபரிசீலனை கேட்பதால் எதுவும் நடக்காது.

ஒப்புதல் பெற்ற கணக்கை விலைக்கு வாங்கிவிடுவது என்று ஒரு குறுக்குவழியும் சந்தையில் இருக்கிறது. அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே கூடாது. ஒருவருக்கு ஒரு கணக்குதான், அதைக் கைமாற்றவும் முடியாது. பணம் சேர்ந்த பிறகு முடக்கப்பட்டால் முறையிட உங்களுக்கு உரிமையே இருக்காது, ஏனென்றால் அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இல்லை.

விண்ணப்பிப்பவர் 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பெயரையும் முகவரியையும் தட்டச்சு செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். வருவாய் 10 டாலரைத் தொட்டதும் முகவரியைச் சரிபார்க்கும் ஒரு ரகசிய எண் (PIN) சாதாரண அஞ்சலில் வீட்டுக்கு வரும். நான்கு மாதத்துக்குள் அதை உள்ளிடாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் அனுப்புவார்கள், அதுவும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடு பொருந்தினால். அஞ்சல்காரர் கண்டுபிடிக்கும்படி கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு என முழு முகவரியைக் கொடுங்கள். செல்லப்பெயரும் புனைபெயரும் வலைப்பூவின் முகப்பில் இருக்கட்டும். கணக்கில் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரையே எழுதுங்கள்.